லேவியராகமத்தில் நின்றுபோன தீர்மானம்

ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. போன டிசம்பர் 31 இரவு ஆராதனையில் முழங்காலில் நின்று மூன்று தீர்மானம் எடுத்தாராம். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிப்பது, ஒரே வருஷத்தில் வேதாகமத்தை முழுவதும் வாசிப்பது, பிள்ளைகளிடம் கோபப்படாமல் இருப்பது. ஐந்து மணி ஜெபம் பொங்கலோடு போயிற்று. கோபம் அதற்கும் முன்னாலேயே திரும்பி வந்துவிட்டது. வேத வாசிப்பு மட்டும் பிப்ரவரி வரை தாக்குப்பிடித்து, லேவியராகமம் 13-ம் அதிகாரத்தில், குஷ்டரோகச் சட்டங்களில் நின்றுவிட்டது. "இந்த வருஷம் தீர்மானம் எடுக்கவே பயமாக இருக்கிறது. தேவனிடம் சொல்லிவிட்டு மீறினால் பாவம்தானே? கிறிஸ்தவன் புத்தாண்டுத் தீர்மானம் எடுக்கத்தான் வேண்டுமா, அது உலக வழக்கம் இல்லையா?" என்று கேட்கிறார்.

தம்பி, எடுக்கலாம். எடுக்காமலும் இருக்கலாம். அதை வைத்து யாரும் உங்கள் விசுவாசத்தை அளக்க முடியாது. ஆனால் உங்கள் கேள்வியில் உண்மையான பாரம் 'எடுக்கலாமா' என்பதில் இல்லை, 'மீறிவிட்டேனே' என்பதில் இருக்கிறது. அதை முதலில் பார்ப்போம்.

உங்களுக்குப் பயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பிரசங்கி 5:5. 'நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்.' வருஷக் கடைசியில் இந்த வசனத்தை எடுத்து ஒரு பிரசங்கம் எப்படியும் காதில் விழுந்துவிடும். வசனம் உண்மைதான், விளையாட்டில்லை. ஆனால் இது நேர்ந்துகொள்வதற்கு முன்னால் நிற்கிறவனை எச்சரிக்கிற வசனம். நேர்ந்துவிட்டுச் செய்ய முடியாமல் நிற்கிறவன் என்ன செய்வது? அதற்கான பதில் வேறு புத்தகத்தில் இருக்கிறது. எந்தப் புத்தகம் தெரியுமா? நீங்கள் பாதியில் மூடி வைத்த அதே லேவியராகமம்.

5-ம் அதிகாரத்தைத் தாண்டித்தான் நீங்கள் 13-க்கு வந்திருக்கிறீர்கள், ஓட்டத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள். அங்கே 4-ம் வசனத்தில், தீமை செய்வேன் என்றோ நன்மை செய்வேன் என்றோ பதறி ஆணையிட்டுவிட்டவனைப் பற்றிப் பேச்சு வருகிறது. நன்மை செய்வேன் என்று வாய்விட்டவனும் அந்தக் கணக்கில் சேர்த்தி. அவன் என்ன செய்ய வேண்டும்? தன் குற்றத்தை அறிக்கையிட்டு, பலி கொண்டுவர வேண்டும். ஆட்டுக்குட்டி. அதற்கு வசதி இல்லையென்றால் இரண்டு காட்டுப்புறா, அல்லது இரண்டு புறாக்குஞ்சு. அதற்கும் வழியில்லாவிட்டால் எப்பா என்ற அந்தக் காலத்து அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு. உளறிவிட்ட வாய்க்கும் திரும்பி வர ஒரு வழி, அதுவும் ஏழைக்குத் தகுந்த மாதிரி மூன்று படியாக, போட்டு வைத்திருக்கிறது.

நீங்கள் போய்ச் சேராத கடைசி அதிகாரம், 27, பெரும்பாலும் பொருத்தனைகளைப் பற்றியது. ஒருவன் ஒரு ஆளைக் கர்த்தருக்கென்று பொருத்தனை பண்ணினால் எத்தனை சேக்கல் என்று வயதுவாரியாக ஒரு பட்டியல் வருகிறது. இருபது முதல் அறுபது வயதுள்ள ஆணுக்கு 50 சேக்கல் வெள்ளி. அந்தக் காலத்துச் சாமானியனுக்கு அது எட்டாத தொகை. உடனே 8-ம் வசனம், அந்த மதிப்பைச் செலுத்த முடியாத தரித்திரனாக இருந்தால் என்ன செய்வது என்று சொல்கிறது. அவன் ஆசாரியனுக்கு முன்பாக வந்து நிற்க வேண்டும். பொருத்தனை பண்ணினவனுடைய திராணிக்கேற்றபடி ஆசாரியன் அவனை மதிக்க வேண்டும். அவ்வளவுதான். ஓடிப்போகாமல் வந்து நிற்க வேண்டும், அதுதான் நிபந்தனை. 'நேர்ந்தாயே, கட்டு' என்று சட்டையைப் பிடிக்கிற கடன்காரனாக நியாயப்பிரமாணத்தின் தேவன்கூட இல்லை. அந்த ஆசாரியன் இருந்த இடத்தில் இன்றைக்கு நமக்கு யார் இருக்கிறார் என்பதை எபிரெயர் நிருபம் 4-ம் அதிகாரக் கடைசியில் வாசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தீர்மானமும் பொருத்தனையும் ஒன்றல்ல. தமிழ் வேதாகமமே இரண்டையும் பிரித்துத்தான் சொல்கிறது. அன்னாள் பிள்ளைக்காகச் செய்தது பொருத்தனை. கத்தோலிக்க வீடுகளில் நேர்ச்சை என்பார்கள். இன்னதைத் தருகிறேன் என்று தேவனிடம் சொல்லும் வாக்கு அது. தானியேல் செய்தது வேறு. ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாதென்று 'தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டு' என்று இருக்கிறது. அவன் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. பிரதானிகளின் தலைவனிடம் போய்த் தாழ்மையாகக் கேட்டுப் பார்க்கிறான். அங்கே காரியம் நடக்காமல் போக, விசாரிப்புக்காரனிடம் போய்ப் பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்கிறான். பத்தே நாள். பாபிலோனில் மாட்டிக்கொண்ட ஒரு வாலிபன் வருஷக்கணக்கில் பேசவில்லை. இதை நாம் கவனிக்க வேண்டும். முழங்காலில் நின்று சொன்னோம் என்பதாலேயே நம்முடைய ஆசைகள் எல்லாம் பொருத்தனையாகிவிடாது. நீங்கள் எடுத்தது தீர்மானம், அது நடக்கவில்லை. பிள்ளைகளைத் திட்டியது அறிக்கையிட வேண்டிய காரியம். ஐந்து மணிக்கு எழும்பாதது அப்படியல்ல. ஆறு மணிக்கு எழும்பினாலும் தேவன் விழித்துத்தான் இருக்கிறார்.

தீர்மானம் உலக வழக்கமா என்று கேட்டீர்கள். ஜனவரி 1-க்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது. யாத்திராகமம் 12-ல் இஸ்ரவேலுக்கு வருஷத்தின் முதல் மாதமாகக் கொடுக்கப்பட்டது பஸ்கா வருகிற மாதம், நம் கணக்கில் மார்ச், ஏப்ரல் வாக்கில். திருச்சபையின் சொந்த வருஷம் தொடங்குவது கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முந்திய அட்வெந்து ஞாயிற்றில். ஜனவரி 1 ரோமர்கள் வைத்த நாள். ஆனால் சபைகள் அந்த நாளைச் சும்மா விடவில்லை. கிறிஸ்துமஸிலிருந்து எண்ணினால் எட்டாம் நாள், லூக்கா 2:21-ன்படி பிள்ளைக்கு விருத்தசேதனம் பண்ணி இயேசு என்று பேரிட்ட நாள். அதனால் நாள் எந்த நாள் என்பது பெரிய சங்கதி இல்லை. கிறிஸ்தவத் தீர்மானம் என்றாலே எல்லாரும் உதாரணம் காட்டுகிற ஒருவர் இருக்கிறார், அவர் தம் தீர்மானங்களைப் புத்தாண்டுக்காக எழுதவே இல்லை.

அவர் அமெரிக்கப் பிரசங்கியார் ஜோனத்தன் எட்வர்ட்ஸ். 1722, 1723-ல், இருபது வயதுகூட ஆகாத நிலையில், 70 தீர்மானங்கள் எழுதினார். நேரத்தை வீணாக்குவதில்லை, சாப்பாட்டில் அளவு மீறுவதில்லை, பிறரைப் பற்றித் தீமையாகப் பேசுவதில்லை என்று மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். கடைசியாக எழுதியது ஆகஸ்ட் மாதத்தில். பட்டியலை விட எனக்குப் பிடித்தது அதன் தலைப்பில் அவர் எழுதி வைத்த இரண்டு வரி. தேவனுடைய உதவி இல்லாமல் என்னால் எதுவும் ஆகாது, ஆகவே அவர் சித்தத்துக்கு ஒத்துவருகிற அளவுக்கு இவற்றைக் கைக்கொள்ளக் கிருபை தரும்படி கேட்கிறேன் என்பது ஒன்று. வாரம் ஒருமுறை இதை வாசிக்க வேண்டும் என்பது இன்னொன்று.

அதே சமயத்தில் அவர் நாட்குறிப்பும் எழுதினார். 1723 ஜனவரி 2-ம் தேதிக் குறிப்பு சோர்வோடு தொடங்குகிறது. என்ன தீர்மானம் எடுத்தாலும், என்ன உபாயம் செய்தாலும், தேவ ஆவியானவர் அசைக்காவிட்டால் எல்லாம் வீண் என்று அனுபவத்தில் கண்டேன் என்கிறார். ஜனவரி 2! நாமெல்லாம் பொங்கல் வரையாவது தாக்குப்பிடிக்கிறோம். இங்கே ஒரு வேடிக்கை, அன்றைக்கு இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி வருஷம் பிறப்பது மார்ச் 25-ல். 1752-ல்தான் ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். எனவே அவர் அந்தக் குறிப்பை எழுதின நாளில் சட்டக் கணக்குக்கு 1722 இன்னும் முடியவே இல்லை.

எட்வர்ட்ஸைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நேரம், உணவு, நாவு என்று இத்தனை நுணுக்கமாகத் தன்னைச் சோதித்தவர், 1731-ல் நியூபோர்ட் துறைமுகத்துக்குப் போய், வீனஸ் என்று பேரிட்டிருந்த பதினாலு வயது ஆப்பிரிக்கப் பெண்பிள்ளையை விலைக்கு வாங்கி அடிமையாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த 70-ல் எதுவும் அவரைத் தடுக்கவில்லை. தீர்மானம் எடுப்பதில் இருக்கிற பெரிய பள்ளம் இதுதான் என்று நினைக்கிறேன். நம் கண்ணுக்குத் தெரிகிற குற்றத்தைத்தான் நாம் பட்டியல் போடுவோம். ஊரே சேர்ந்து செய்கிற பாவம் பட்டியலுக்குள் வராது. நம் சபைகளில் எத்தனை வருஷம் இரவு ஆராதனை நடந்திருக்கிறது? 'ஜாதி பார்த்துத்தான் சம்பந்தம் பேசுவேன் என்பதை இந்த வருஷம் விடுகிறேன்' என்று ஒருவர் எழுந்து சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. ஐந்து மணி ஜெபத்துக்குக் கை தூக்குகிறவர்கள் நிறையப் பேர். அதனால் தீர்மானத்துக்கு முன்னால் சங்கீதம் 19:12-ஐ ஒருமுறை ஜெபமாகச் சொல்வது நல்லது. 'தன் பிழைகளை உணருகிறவன் யார்? மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்.'

சரி, கோபத்துக்கு வருகிறேன். 'இனி கோபப்படவே மாட்டேன்' என்பது பேதுருவின் பாணி. 'உமதுநிமித்தம் எல்லாரும் இடறலடைந்தாலும், நான் ஒருக்காலும் இடறலடையேன்.' அவன் பொய் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னான். விடிவதற்குள், பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் ஊழியக்காரர் மூட்டியிருந்த கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்தான். யோவான் சுவிசேஷத்தில் இந்தக் கரிநெருப்பு மறுபடி ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. 21-ம் அதிகாரத்தில், விடியற்காலையில், திபேரியாக் கடல் கரையில். உயிர்த்தெழுந்த இயேசுவே நெருப்பு மூட்டி அதன்மேல் மீன் வைத்திருக்கிறார். முதலில் சாப்பிடச் சொல்கிறார். அப்புறம்தான் கேள்வி. அந்தக் கேள்வியும் 'ஏன் மீறினாய்' என்பதோ 'இனிமேல் மீறமாட்டேன் என்று சொல்' என்பதோ அல்ல. 'என்னை நேசிக்கிறாயா' என்று மூன்று தரம். பேதுருவும் இந்தத் தடவை 'ஒருக்காலும்' என்ற சொல்லை எடுக்கவில்லை. 'நீர் எல்லாவற்றையும் அறிவீர்' என்று அவர் பக்கமே தள்ளிவிடுகிறான்.

கோபத்துக்கு நடைமுறையில் ஏதாவது வழி வேண்டுமானால், கத்தோலிக்கரிடமிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம், தப்பில்லை. இயேசு சபையைத் தொடங்கிய இக்னாசியார் பதினாறாம் நூற்றாண்டில் சொல்லிக் கொடுத்த ஆன்ம சோதனை. ஒரே நேரத்தில் ஒரே ஒரு குற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழும்போது அதை நினைத்துக்கொள்ள வேண்டும். மத்தியானம் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை, எத்தனை தரம் விழுந்தோம் என்று எண்ணி, ஒரு கோட்டின்மேல் அத்தனை புள்ளி வைக்க வேண்டும். ஒரு நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்கு ஏழு ஜோடி. இன்றைக்கு ஒன்பது, நாளைக்கு ஏழு. 'மாட்டவே மாட்டேன்' என்பவனுக்கு முதல் தடவையிலேயே எல்லாம் முடிந்துவிடும். புள்ளி வைப்பவனுக்கு ஒன்பதுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியும். பிள்ளைகளைத் திட்டிய அன்று ராத்திரி அவர்களிடமே மன்னிப்பு கேட்டுவிட்டுப் புள்ளி வைத்தீர்களானால் இன்னும் நல்லது. இதைச் சொல்வது சுலபம், என் மகனிடம் முதல்முறை கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

வாட்ச் நைட் என்று நாம் சொல்கிற அந்த டிசம்பர் 31 இரவு ஆராதனையின் பின்கதையும் கொஞ்சம் கேளுங்கள். மொரேவியர்கள் என்ற புராட்டஸ்டன்ட் சபையாரிடம் முன்பே இருந்த வழக்கம்தான். மெதடிஸ்டுகளிடம் அது தொடங்கியது 1740-களில், பிரிஸ்டலுக்குப் பக்கத்துக் கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளால். முன்பெல்லாம் சாராயக் கடையில் கழித்த இரவை இப்போது ஜெபத்திலும் பாட்டிலும் கழித்தார்கள். மெதடிஸ்டுகளின் தலைவர் ஜான் வெஸ்லி அதைத் தடுக்காமல் மற்ற ஊர்களுக்கும் பரப்பினார். பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமையில் வைத்தார், தூரத்திலிருந்து வருகிறவர்கள் நிலா வெளிச்சத்தில் வீடு போய்ச் சேரட்டும் என்று. டிசம்பர் 31 எல்லாம் பிற்பாடு வந்தது. அவர் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனையும் அப்படியே. 1755 ஆகஸ்ட் 11-ல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் சுமார் 1800 பேர் எழுந்து நின்று உடன்படிக்கை செய்தார்கள். பிற்பாடுதான் அது புத்தாண்டோடு ஒட்டிக்கொண்டது. 1947-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது நம் பக்கமும் வந்தது.

அந்த உடன்படிக்கை ஜெபத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன். உமக்கு இஷ்டமானதில் என்னை வையும், உமக்கு இஷ்டமானவர்களோடு என்னைச் சேர்த்து வையும். செய்கிறவனாகவும் வையும், பாடுபடுகிறவனாகவும் வையும். உமக்காக வேலையில் வையும், உமக்காக ஒதுக்கியும் வையும். இந்த ரீதியில் போகிறது. அதில் ஐந்து மணி இல்லை, நாலு அதிகாரம் இல்லை, எடைக் குறைப்பும் இல்லை. இன்னதைச் சாதிப்பேன் என்ற பேச்சே இல்லை. லூக்கா 13-ல் வரும் அத்திமர உவமையும் இப்படித்தான். 'இது இந்த வருஷமும் இருக்கட்டும்' என்று புத்தாண்டுப் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிற வசனம். பிரசங்கிகள் மரத்தை மிரட்டுவார்கள், கனி கொடு, இல்லாவிட்டால் கோடரி என்று. ஆனால் அந்த உவமையில் மரம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. 'சுற்றிலும் கொத்தி, எருப்போடுவேன்' என்று தீர்மானம் எடுக்கிறவன் தோட்டக்காரன். கொத்தும்போது விலகாமல் நிற்பதுதான் மரத்தின் பங்கு.

இந்த விஷயத்தில் தமிழ்ச் சபைகளின் வழக்கம் ஒரு வகையில் சரியாகத்தான் இருக்கிறது. நாம் புத்தாண்டில் முதலில் கேட்பது நம் தீர்மானத்தை அல்ல, வாக்குத்தத்தத்தை. தட்டில் அடுக்கி வைத்த அட்டையில் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறோம். வரிசை சரி, ஆனால் அட்டைதான் சரியில்லை. 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' எல்லாத் தட்டிலும் உண்டு. 'உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு' என்பதும் இயேசு சொன்ன வாக்குத்தானே, அந்த அட்டையை இதுவரை எந்த அச்சகத்திலும் நான் பார்க்கவில்லை.

கடைசியாக வேத வாசிப்பு. வேதாகமத்தில் 1189 அதிகாரம், நாளுக்கு மூன்றுக்குச் சற்று மேல். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. கணக்குப் போட்டால் ஜனவரிக் கடைசியில் லேவியராகமம் வந்துவிடும், பிப்ரவரியில் எல்லாரும் அங்கேதான் விழுகிறோம். நீங்கள் தனியாள் இல்லை. ஸ்காட்லாந்து டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மரே மெக்ஷெய்ன் 1842 டிசம்பர் 30-ல் தம் சபைக்கு ஒரு வாசிப்பு அட்டவணை போட்டுக் கொடுத்தார். நாளுக்கு நாலு அதிகாரம் வீதம், வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை. இன்றும் உலகமெங்கும் புழங்குகிறது. ஆனால் அட்டவணையோடு சேர்த்து அதன் ஆபத்துகளையும் அவரே எழுதினார். சடங்காகிப் போகலாம், சுயநீதி வரலாம், கருத்தில்லாமல் ஓட்டலாம், சுமக்க முடியாத நுகமாகலாம் என்று. அட்டவணை தொடங்கி மூன்று மாதம் ஆவதற்குள், 1843 மார்ச் 25-ல், காய்ச்சலில் அவர் இறந்துபோனார். வயது 29. தாம் போட்ட அட்டவணையைத் தாமே முடிக்கவில்லை. 'ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோம்' என்று யாக்கோபு 4:15 சொல்லச் சொல்வதை நாம் ஏதோ மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் ஆச்சி தீர்மானம் என்ற சொல்லைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து, அடுப்படி மூலையில் இருந்த மண்கலயத்தில் போட்டுவிட்டுத்தான் உலையில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். மழை பொய்த்து அரிசி தட்டுப்பட்ட மாதங்களில் கை உள்ளே போய் மூடித் திறந்து, பாதி அரிசி திரும்பப் பானையிலேயே விழும். பாதிப் பிடி கலயத்துக்குப் போகும். 'திராணிக்கேற்றபடி' என்ற வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வரும்.

டிசம்பர் 31 இரவு போதகர் எல்லாரையும் எழுந்து நின்று தீர்மானம் எடுக்கச் சொன்னால் நில்லுங்கள், அல்லது உட்கார்ந்தே இருங்கள், பக்கத்தில் இருக்கிறவர் என்ன நினைப்பார் என்று பார்க்காதீர்கள். எடுப்பதானால் ஒன்று போதும், தானியேல் மாதிரி பத்து நாளைக்கு. வேத வாசிப்புக்கு ஜனவரி 1 வரை காத்திருக்கவும் வேண்டாம், மறுபடி ஆதியாகமத்திலிருந்து தொடங்கவும் வேண்டாம். 13-ல்தானே நின்றீர்கள்? இன்னும் 14 அதிகாரம் இருக்கிறது. நாளுக்கு ஒன்று வாசித்தால் இரண்டே வாரத்தில் 27-க்கு வந்துவிடலாம்.